பாத்திரம் தேய்க்கும் நாரே போதும்: மீன் தொட்டிக்கு வீட்டுப் பொருளில் ஃபில்டர் மீடியா

இரண்டடித் தொட்டி வாங்கினால் கூடவே பீங்கான் வளையம், பயோ பால் எனும் பிளாஸ்டிக் உருண்டை, ஏதோ ஒரு வெளிநாட்டுக் கல் என்று ஒரு பையும் பில்லில் ஏறும். மீனையும் தொட்டியையும் விட அந்தப் பையின் விலை அதிகமாக இருப்பதும் உண்டு. அந்தப் பொருட்களில் குறை ஏதும் இல்லை. ஆனால் அவை செய்யும் வேலையைப் பலசரக்குக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் நாரும், உடைந்த பூந்தொட்டி ஓடும் செய்துவிடும். எந்தப் பொருள், எவ்வளவு, எப்படி அடுக்குவது, எங்கே சொதப்பும் என்பதுதான் இந்தக் கட்டுரை. கணக்கு எல்லாமே 60 × 30 × 30 செ.மீ. தொட்டிக்கு. மணல், கல், மேலே விடும் இடைவெளி போக அதில் நிற்கும் தண்ணீர் சுமார் 45 லிட்டர்.

மீடியா எதற்கு?

மீன் சாப்பிட்ட புரதத்தின் கழிவு பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே வருகிறது. அது மீனுக்கு விஷம். ஒரு கூட்டம் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை, வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது போய்விடும். இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபேக்டர் என்றுதான் பழைய மீன் வளர்ப்புப் புத்தகங்கள் சொல்லும். நன்னீர்த் தொட்டிகளில் அந்த இடத்தில் இருப்பது நைட்ரோஸ்பைரா என்று 1998இல் ஆய்வாளர் திமோத்தி ஹோவனெக் குழுவினர் காட்டினார்கள். நமக்கு வேண்டிய விஷயம் இதுதான்: இந்த இரண்டு கூட்டமும் தண்ணீரில் மிதந்து திரிவதை விட எதன் மேலாவது ஒட்டிக்கொண்டு வாழவே விரும்பும். மெதுவாகத்தான் பெருகும். ஆக்சிஜன் நிறைய வேண்டும்.

ஆகவே மீடியா என்பது ஒட்டிக்கொள்ள ஓர் இடம், அவ்வளவுதான். அந்த இடத்துக்கு மூன்று தகுதி வேண்டும். தண்ணீரில் எதையும் கரைய விடக்கூடாது. அழுகவோ நொறுங்கவோ கூடாது. தண்ணீர் அதன் இடுக்குகளுக்குள் அடைபடாமல் ஓட வேண்டும். மூன்றாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

எவ்வளவு பரப்பு வேண்டும்?

மீன் தீவனத்தில் 40 சதவீதம் புரதம் என்று வையுங்கள். 1 கிராம் தீவனம் போட்டால் ஏறக்குறைய 30 முதல் 40 மில்லிகிராம் அம்மோனியா தொட்டிக்குள் வரும். நன்றாக நீரோட்டம் உள்ள ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா, மீன் தொட்டியில் இருக்கும் குறைந்த அம்மோனியா அளவிலும், நாளைக்கு 100 மில்லிகிராம் அளவுக்குச் சமாளிக்கும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. பத்து கப்பி மீனுக்கு ஒரு நாளைக்கு அரை கிராம் தீவனம் தாராளம். அதற்கு 0.2 சதுர மீட்டர் பரப்பு போதும்.

இப்போது நாரை எடுங்கள். தட்டையான பிளாஸ்டிக் இழையில் பின்னிய பந்து போன்றது, பத்து கிராம் எடை. இழையின் தடிமன் 0.1 மி.மீ. என்றால் இரு பக்கமும் சேர்த்து சுமார் 0.2 சதுர மீட்டர் வரும். தடிமன் இரட்டிப்பு என்றால் பரப்பு பாதி. எப்படிப் பார்த்தாலும் நான்கு நார் போட்டால் 0.4க்குக் குறையாது, நம் தேவைக்கு இரண்டு மடங்கு.

தொட்டியின் கண்ணாடிச் சுவரும் அடிப்பரப்பும் சேர்ந்தாலே கிட்டத்தட்ட 0.7 சதுர மீட்டர் ஆகிறதே, அப்புறம் ஃபில்டர் எதற்கு என்று கேட்கலாம். கண்ணாடியிலும் பாக்டீரியா இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே தண்ணீர் உரசி ஓடுவதில்லை; பாசி துடைக்கும்போதெல்லாம் அதுவும் வழித்துக்கொண்டு போய்விடும். ஃபில்டருக்குள் ஆக்சிஜனும் உணவும் தேடி வருகின்றன, யாரும் துடைப்பதில்லை. "ஒரு லிட்டர் மீடியாவில் ஆயிரம் சதுர மீட்டர்" என்று பாக்கெட்டில் அச்சடிப்பார்கள். அதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத நுண்துளை. சில மாதங்களில் அந்த வாய்களைப் பாக்டீரியாவின் கொழகொழப்பே மூடிவிடும், உள்ளே ஆக்சிஜன் போகாது. வெளிப்பரப்பை மட்டும் கணக்கில் எடுங்கள்.

எதைப் போடலாம்

முதலிடம் பிளாஸ்டிக் நாருக்குத்தான். கலர் கலராக, வலை போல் பின்னி உருண்டையாகச் சுருட்டியது. அடைபடாது, நசுங்காது, வருடக்கணக்கில் வரும். வாங்கும்போது நான்கு விஷயம் பாருங்கள். உள்ளே ஸ்பான்ஜோ சோப்போ வைத்துத் தைத்தது வேண்டாம். தங்க, வெள்ளிப் பளபளப்புப் பூச்சு உள்ளது வேண்டாம், பூச்சு உதிரும். உறையில் "ஆன்டி பாக்டீரியல்" என்று போட்டிருந்தால் தொடவே வேண்டாம். நாம் வளர்க்கப்போவதே பாக்டீரியாவைத்தான். கம்பி நார் துருப்பிடிக்கும், செம்பு கலந்த நார் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விட்டு ஒரு ராத்திரி ஊற வையுங்கள். காலையில் தண்ணீரில் நிறமோ நுரையோ வாடையோ இருந்தால் அது மறுபடி பாத்திரத்துக்கே போகட்டும். ஏற்கெனவே பாத்திரம் தேய்த்த நாரை எவ்வளவு அலசினாலும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

அடுத்தது சுட்ட மண். உடைந்த பூந்தொட்டி, நாட்டு ஓடு, மண் டீ கப், விளக்கேற்றாத புது அகல். பளபளப்பு மெருகு பூசாதது, பெயின்ட் அடிக்காதது, காவி பூசாதது மட்டும். உரமும் பூச்சி மருந்தும் கண்ட பழைய செடித்தொட்டி வேண்டாம், மண் அதை உறிஞ்சி வைத்திருக்கும். எண்ணெய் ஊறிய அகலும் அப்படித்தான். சாக்குத் துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டி, ஒன்றரை இரண்டு செ.மீ. துண்டாக்கி, தூள் போகும்வரை அலசுங்கள். பிறகு மூன்று நாள் வாளியில் போட்டு வையுங்கள். மூன்றாம் நாள் கலக்கினால் தண்ணீர் சிவக்கிறதா? சரியாகச் சுடாத மண் அது, தொட்டிக்குள் போனால் தினமும் கரையும். செங்கலைப் பலர் சொல்வார்கள். இந்தச் சோதனையில் தேறும் செங்கல் குறைவு.

கருங்கல் சிப்ஸ், அதாவது கட்டட வேலைக்கு வரும் கால் இஞ்ச் ஜல்லி, எடைக்கும் அடி அடுக்குக்கும் நல்லது. கல் தூள் போக ஏழெட்டுத் தடவை அலச வேண்டும். சிமென்ட் ஒட்டிய ஜல்லி கூடாது. சந்தேகமான எந்தக் கல்லாக இருந்தாலும் கீறி, அந்தத் தூள் மேல் வினிகர் இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. கிளிஞ்சல், பவளத்துண்டும் இதே கதை: கரைந்து தண்ணீரின் கடினத்தைக் கூட்டும். போர் தண்ணீர் ஏற்கெனவே கடினமாக இருக்கும் ஊரில் அதற்கு அவசியமே இல்லை.

வெளிநாட்டு வீடியோக்களில் ஸ்ட்ராவை ஒரு செ.மீ. துண்டாக வெட்டிப் போடச் சொல்வார்கள். ஆறு மி.மீ. ஸ்ட்ராவில் அப்படி ஆயிரம் துண்டு வெட்டினால் உள்ளும் புறமும் சேர்த்து 0.37 சதுர மீட்டர் வரும், அரை லிட்டர் இடத்தில் அடங்கும். நல்ல யோசனைதான். ஆனால் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலே பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை. நாடு முழுக்க 2022 ஜூலையில் வந்தது. இப்போது கடையில் கிடைக்கும் காகித ஸ்ட்ரா இரண்டே நாளில் கூழாகிவிடும். அதற்குப் பதில் எலக்ட்ரிகல் கடையில் வயர் இழுக்க விற்கும் மடிப்பு மடிப்பான ஃப்ளெக்சிபிள் பைப்பை மீட்டர் கணக்கில் வாங்கி ஒன்றரை செ.மீ. துண்டாக வெட்டுங்கள். அந்த மடிப்பே கூடுதல் பரப்பு. ஆயிரம் துண்டு வெட்டும் பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும் இது. மற்றவர்கள் நாரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தலையணைக்குள் அடைக்கும் வெள்ளை பாலியஸ்டர் பஞ்சு குப்பையை வடிகட்ட அருமையானது. ஆனால் அதை அடிக்கடி அலச வேண்டும் என்பதால் பாக்டீரியா வீடாக அதை நம்பக்கூடாது. இலவம் பஞ்சு, பருத்தி இரண்டும் அழுகும். பீர்க்கங்கூடும் அப்படியே: பார்க்க ஃபில்டருக்கென்றே விளைந்தது போல் இருக்கும், சில வாரங்களில் கரைந்து அதுவே கழிவாகிவிடும். தேங்காய் நார் தண்ணீரை டீத்தண்ணி நிறமாக்கும். அடுப்புக்கரி கொஞ்ச நாள் வாடையை உறிஞ்சும், பிறகு வெறும் கரித்துண்டு. மெத்தைக் கடை ஃபோமில் தீப்பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருக்கலாம். ஸ்பான்ஜ் வேண்டுமானால் மீன் கடையில் விற்பதையே வாங்குங்கள், அதுவும் விலை குறைவுதான்.

டப்பா ஃபில்டர்: செய்முறை

ஏர் பம்ப் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்றால் இதற்கு மேல் செலவு மிகக் குறைவு. தேவை: வாய் அகன்ற, திருகு மூடி உள்ள 1 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா; 20 மி.மீ. எலக்ட்ரிகல் பிவிசி பைப் 25 செ.மீ.; அலசிய ஜல்லி 350 கிராம்; பிளாஸ்டிக் நார் 4; பாலியஸ்டர் பஞ்சு ஒரு கைப்பிடி; ஏர் டியூப் ஒன்றரை மீட்டர். ஊறுகாய் டப்பா வேண்டாம். அந்த எண்ணெய் பிளாஸ்டிக்கை விட்டுப் போகாது, தண்ணீர் மேல் படலமாக வந்து நிற்கும்.

1. மூடியின் நடுவில் பைப்பை வைத்துப் பேனாவால் வட்டம் வரையுங்கள். சூடு செய்த ஆணியால் வட்டத்தைச் சுற்றிக் குத்தி, கத்தியால் வெட்டி எடுங்கள். மாடியிலோ ஜன்னல் ஓரத்திலோ செய்யுங்கள், அந்தப் புகையைச் சுவாசிக்கக்கூடாது.

2. அந்த ஓட்டையைச் சுற்றி மூடியில் 4 மி.மீ. துளை 15 போடுங்கள். தொட்டியில் குட்டி போடும் மீன் இருந்தால் 2 மி.மீ. துளையாக 40 போடுங்கள். கப்பிக் குட்டி 4 மி.மீ. துளைக்குள் சாதாரணமாக நுழைந்துவிடும்.

3. பைப்பின் அடி நுனியில் ஹேக்ஸா பிளேடால் நான்கு பக்கமும் ஒரு செ.மீ. உயரத்துக்கு வெட்டு கொடுங்கள். தண்ணீர் பைப்புக்குள் நுழையும் வாசல் இதுதான். வெட்டு உயரமாகப் போனால் தண்ணீர் பாதி வழியிலேயே புகுந்துவிடும், அடி அடுக்குக்கு ஓட்டம் கிடைக்காது.

4. பைப்பை டப்பாவின் நடுவில் அடி தொட நிறுத்தி, சுற்றிலும் மூன்று செ.மீ. உயரத்துக்கு ஜல்லி போடுங்கள். நார் பெரும்பாலும் மிதக்கும் ரகம். இந்த எடை இல்லாவிட்டால் டப்பாவே மேலே வந்து நிற்கும்.

5. நான்கு நாரையும் பைப்பைச் சுற்றி வையுங்கள். பிரிக்கவும் வேண்டாம், அமுக்கித் திணிக்கவும் வேண்டாம். விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி எழ வேண்டும்.

6. அதன் மேல் பஞ்சை இரண்டு மூன்று செ.மீ. தளர்வாகப் பரப்பி மூடியைத் திருகுங்கள். ஈரமானால் பஞ்சு பாதியாகச் சுருங்கும், ஆனால் அதை எண்ணி அதிகம் திணித்தால் ஓட்டம் நின்றுவிடும்.

7. ஏர் டியூபின் நுனியைப் பசை வைத்து அடைத்து, கடைசி ஒரு செ.மீ. நீளத்தில் குண்டூசியால் எட்டுப் பத்துத் துளை குத்துங்கள். பைப்பின் உள்ளே அடிவரை இறக்கி, வெட்டுக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். ஏர் ஸ்டோனும் போடலாம், ஆனால் இவ்வளவு குறுகிய பைப்பில் அது தண்ணீரின் வழியை அடைக்கும். பசை காய ஒரு நாள் விடுங்கள்.

8. தொட்டியில் இறக்குங்கள். பைப்பின் மேல்முனை தண்ணீர் மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே நிற்கட்டும். தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் குமிழி அவ்வளவு உயரம் தூக்க வேண்டும், ஓட்டம் பாதியாகக் குறையும்.

காற்று பைப்பில் மேலே ஏறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்ப, மூடித் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி முதலில் பஞ்சையும் பிறகு நாரையும் கடந்து போகும். வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சிட்டிகை தீவனத்தை நனைத்து மூடிக்கு மேலே விடுங்கள். துகள் மெல்ல இறங்கி மூடித் துளையில் ஒட்ட வேண்டும். விலகி மிதந்து போனால் பஞ்சு இறுக்கமாக இருக்கிறது, அல்லது பம்ப் போதவில்லை.

ஏர் பம்பைத் தொட்டித் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழேதான் இடம் என்றால் டியூபில் ஒரு செக் வால்வ், அதாவது ஒரு வழியாக மட்டுமே விடும் வால்வ், மாட்டுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போன நேரத்தில் தண்ணீர் டியூப் வழியாகப் பம்புக்குள் இறங்கும்.

மேலே வைக்கும் டப்பா

மீன் கொஞ்சம் அதிகம், தங்கமீன் வேறு இருக்கிறது என்றால் தொட்டி மேல் வைக்கும் ஃபில்டர் நல்லது. மூன்று நான்கு லிட்டர் செவ்வக டப்பாவின் அடியில் 5 மி.மீ. துளை முப்பது போட்டு, அடியில் ஓட்டுத்துண்டு, நடுவில் நார், மேலே பஞ்சு. கீழிருந்து சின்ன மோட்டார் தண்ணீரை மேலே தூக்கிப் பஞ்சின் மேல் விடும். அது சொட்டுச் சொட்டாக இறங்கித் தொட்டிக்கே திரும்பும். மீடியா முழுகி இருக்காமல் நனைந்து மட்டும் இருப்பதால் காற்றிலிருந்தே ஆக்சிஜன் கிடைக்கிறது. அதனால் இந்த வகையில் பாக்டீரியா நன்றாக வேலை செய்யும். கூடவே தண்ணீர் ஆவியாவதும் கூடும். மே மாதத்தில் தொட்டி ஓரிரு டிகிரி குளிரும், ஆனால் தினமும் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும்.

மோட்டார் பெட்டியில் போட்டிருக்கும் அளவை நம்பாதீர்கள். மேலே தூக்கத் தூக்க ஓட்டம் குறையும். வெளியேறும் குழாயின் கீழ் ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்து நேரம் பாருங்கள். 12 நொடியில் நிரம்பினால் மணிக்கு 300 லிட்டர். 45 லிட்டர் தொட்டிக்கு அது தாராளம்.

இதில் நடக்கும் பெரிய விபத்து ஒன்றுதான்: பஞ்சு அடைத்துக்கொள்ளும், டப்பா நிரம்பும், தொட்டித் தண்ணீர் முழுவதையும் மோட்டார் வீட்டுத் தரையில் ஊற்றிவிடும். இரண்டு காப்பு செய்யுங்கள். டப்பாவின் தொட்டிப் பக்கச் சுவரில், விளிம்புக்கு இரண்டு செ.மீ. கீழே, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வாய் வெட்டுங்கள். நிரம்பினாலும் தண்ணீர் தொட்டிக்குள்தான் விழும். மோட்டாரைத் தொட்டியின் அடியில் வைக்காமல் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில் ஒட்டுங்கள். எது நடந்தாலும் மீதி இரண்டு பங்கு தண்ணீர் மீனுக்கு மிஞ்சும். வயர் பிளக்கை நோக்கிப் போகும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், வழியும் நீர் அங்கே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

பாக்டீரியா குடியேற்றம்

புது நாரைப் போட்ட அன்றே ஃபில்டர் தயார் என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. அன்று அது வெறும் நார். நம் ஊர்ச் சூட்டில், மீன் இல்லாமல் ஆரம்பித்தால், மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகும்.

முதலில் தண்ணீர். கார்ப்பரேஷன் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது பாக்டீரியாவைக் கொல்லவே போடப்படுவது. வாளியில் ஏர் ஓடவிட்டு 24 மணி நேரம் வையுங்கள். அவசரம் என்றால் மீன் கடையில் கிடைக்கும் ஹைப்போ படிகம் (சோடியம் தயோசல்பேட்) 13 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து, லிட்டருக்கு இரண்டு சொட்டு விடுங்கள்; 15 லிட்டர் வாளிக்கு 30 சொட்டு.

பாக்டீரியாவுக்கு உணவாக அம்மோனியா வேண்டும். இறால் துண்டை அழுக விடுவார்கள், தீவனத்தைக் கொட்டுவார்கள். அளவும் தெரியாது, வீடும் நாறும். சுத்தமான வழி நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். வெள்ளையாக, கலப்பில்லாமல் இருந்தால் மட்டும் வாங்குங்கள். பழுப்பேறியது, ஈயம் பூச என்று வேறு எதையோ கலந்து விற்பது வேண்டாம். ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் கிடைத்தால் இன்னும் நல்லது. 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, பெயர் எழுதிக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். இதில் 30 மி.லி. எடுத்து 45 லிட்டர் தொட்டியில் ஊற்றினால் அம்மோனியா சுமார் 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆகும். இந்தக் கட்டத்தில் தொட்டியில் மீன் இருக்கவே கூடாது.

சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒன்று கட்டாயம் வேண்டும். மீடியாவில் மிச்சம் பிடித்த பணத்தை இதில் போடுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். முதல் வாரம் ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும். பிறகு அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். ஒரு பங்கு அம்மோனியா 2.7 பங்கு நைட்ரைட் ஆகும் என்பதால் 2 பிபிஎம் போட்டவருக்கு 5க்கு மேல் காட்டும். பதறாதீர்கள். அம்மோனியா 0.5க்குக் கீழே போகும்போதெல்லாம் கரைசலை 15 மி.லி. மட்டும் ஊற்றுங்கள். நைட்ரைட் கிட்டின் உச்ச நிறத்திலேயே நின்றுவிட்டால் பாதித் தண்ணீர் மாற்றுங்கள். நைட்ரைட்டைத் தின்னும் கூட்டம்தான் தாமதமாக வரும். பலர் பொறுமை இழந்து மீனை விடுவது சரியாக இந்த நேரத்தில்தான்.

30 மி.லி. ஊற்றி 24 மணி நேரத்தில் இரண்டும் ஜீரோ ஆனால் ஃபில்டர் தயார். முக்கால் பங்கு தண்ணீரை மாற்றி, சூடு சமமானதும் நான்கைந்து மீன் விடுங்கள். மீதி மீன் இரண்டு வாரம் கழித்து.

குறுக்கு வழி ஒன்று உண்டு. நோயில்லாமல் ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அவர் ஃபில்டர் ஸ்பான்ஜை உங்கள் டப்பாவின் மேல் பிழியச் சொல்லுங்கள். அந்தப் பழுப்புச் சேறு பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவை விட நம்பகமானது; வேலை ஒன்றிரண்டு வாரத்தில் முடியும். சென்னை கொளத்தூர் வண்ண மீன் மார்க்கெட் போல நாளைக்கு நூறு விதமான மீன் வந்து போகும் இடத்தின் கடைத் தொட்டியிலிருந்து இதை வாங்காதீர்கள். பாக்டீரியாவோடு வெள்ளைப்புள்ளி நோயும் வந்து சேரும்.

எங்கே சொதப்பும்

ஃபில்டரைக் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று கழுவுவது. குளோரின் தண்ணீர் நாரில் பட்டால் ஒரு மாத உழைப்பு ஒரு நிமிடத்தில் போகும். மூன்று நாளில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும், காரணம் புரியாது. தண்ணீர் மாற்றும்போது எடுக்கும் பழைய தொட்டித் தண்ணீரில் நாரை இரண்டு முக்கு முக்கினால் போதும். பழுப்பு நிறம் அழுக்கல்ல, அங்கேதான் பாக்டீரியா இருக்கிறது. பஞ்சை மட்டும் வாரம் ஒருமுறை அலசுங்கள், கிழிந்தால் மாற்றுங்கள். நாரை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் ஒரு தடவைக்குப் பாதியை மட்டும்.

ஃபில்டர் நன்றாக ஓடுகிறது, ஆனாலும் அம்மோனியா ஏறுகிறது என்றால் முதலில் தீவனத்தைச் சந்தேகப்படுங்கள். அடுத்து மருந்து: மெத்திலீன் ப்ளூவும் பல ஆன்டிபயாடிக்குகளும் இந்தப் பாக்டீரியாவையும் அடிக்கும். நோய் மீனைத் தனி வாளியில் வைத்து வைத்தியம் பாருங்கள்.

ஆர்ஓ தண்ணீர் ஊற்றும் வீடுகளில் வேறொரு சிக்கல். அம்மோனியாவை மாற்றும்போது பாக்டீரியா தண்ணீரின் காரத்தன்மையைச் செலவழிக்கும். 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 7 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான காரம் போகும். ஆர்ஓவில் அது ஏற்கெனவே இல்லை. பிஎச் இறங்கி 6ஐத் தொடும், பாக்டீரியா வேலையைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். பாதிக்குப் பாதி போர் தண்ணீர் கலந்தால் தீரும். இல்லையென்றால் ஆப்பசோடா 1.3 கிராமைக் கரைத்து ஊற்றினால் 45 லிட்டரில் கேஎச், அதாவது அந்தக் காரத்தன்மையின் அளவு, ஒரு டிகிரி ஏறும். ஒரே நாளில் அதற்கு மேல் வேண்டாம். காரணம் உண்டு: 30 டிகிரிச் சூட்டில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் விஷமான பங்கு 0.8 சதவீதம்தான், பிஎச் 8 என்றால் 7.5 சதவீதம். அம்மோனியா தேங்கிய தொட்டியில் பிஎச்சைச் சட்டென்று ஏற்றினால் அடங்கியிருந்த விஷத்தை அவிழ்த்துவிட்டது போல. முதலில் தண்ணீரை மாற்றுங்கள், பிறகு சோடா.

நைட்ரைட் ஏறி மீன் வேகமாகச் செவுள் அடித்தால் பாதித் தண்ணீர் மாற்றி, லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள், 45 லிட்டருக்கு 45 கிராம். உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட் செவுள் வழி ரத்தத்தில் நுழைவதைத் தடுக்கும். கோரிடோரஸ் போன்ற செதிலில்லாத மீன் இருந்தால் பாதி அளவில் தொடங்குங்கள்.

கரண்ட் போனால் மேல் டப்பா ஃபில்டருக்கு ஆபத்து குறைவு. ஈர மீடியா காற்றில் பல மணி நேரம் தாங்கும். உள்ளே மூழ்கிய டப்பாவில் ஓட்டம் நின்றதும் ஆக்சிஜன் குறையத் தொடங்கும். நாலைந்து மணி நேரத்துக்கு மேல் நின்றுபோயிருந்தால், கரண்ட் வந்ததும் அப்படியே ஓட விடாமல், டப்பாவை வெளியே எடுத்து உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். அழுகிய முட்டை வாடை அடித்தால் தொட்டித் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு, சில நாள் தீவனத்தைக் குறைத்து, தினமும் அம்மோனியா பாருங்கள். முழுக்க மூடிய கேனிஸ்டர் ஃபில்டரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

மூன்று மாதம் ஒழுங்காக ஓடிய டப்பாவில் நான்கு நாரில் ஒன்றை எடுத்துப் புது நார் ஒன்றை அந்த இடத்தில் வைக்கலாம். பழைய தொட்டிக்கு வித்தியாசமே தெரியாது. எடுத்த நாரைத் தொட்டித் தண்ணீர் நிரப்பிய ஒரு மூடாத கிண்ணத்தில் வைத்துக் கையோடு கொண்டுபோய், ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த தொட்டியின் ஃபில்டரில் போட்டுவிடுங்கள். அன்றே இரண்டு மூன்று சின்ன மீன் விடலாம், முதல் வாரம் மட்டும் தினமும் கிட் வைத்துப் பாருங்கள்.